துரை முங்கிய குளம்

"தண்ணிக்கடியில மாஸ்க்கைக் கழட்டி மாட்டணும். உள்ள வந்த தண்ணிய மூக்கால ஊதித் தள்ளணும். அம்புட்டுத்தான் சார்" என்றாள் முக்குளிக்கப் பயிற்சி கொடுக்கும் மதுஷா.

மலைநாட்டு ஊரான எல்லவில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் வில்வராஜா முங்கினார். ஓய்வு பெற்ற தேயிலைத் தோட்டத்துரை. ஒரு காலத்தில் கடலடியில் மீனோடு மீனாய்த் திரிந்தவர்தான், விட்டுப்போய் வெகுகாலம். மதுஷா சரியென்றால்தான் நாளை திருகோணமலையில் பேரப்பிள்ளைகளோடு கடலில் இறங்க முடியும்.

"பத்தாது சார். இன்னொருக்கா."

மறுபடி முங்கினார்.

"ம்ஹூம். இன்னொருக்கா."

கண் கோவைப்பழமாய்ச் சிவந்தது. குளிரில் பல் கிட்டியது. கரையில் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எதுலதான் புள்ள பிழை?" என்று கெஞ்சினார்.

"பிழையே இல்ல. மொதத் தரமே சரியாத்தான் செஞ்சீங்க, தொரை."

"அப்புறம் ஏன் இந்தப் பாடு படுத்துற?"

"கொழுந்து நிறுக்குற மடுவத்துல எங்கம்மா கொண்டாந்த கொழுந்தும் சரியாத்தான் இருந்துச்சு. முத்தல்னு சொல்லி, கொட்டுற மழையில திருப்பித் திருப்பிப் பொறுக்க வச்சீங்களே! ம், முங்குங்க."

துரை பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்.