ரேடியேட்டர் ஆறும் வரை

மலைப்பாதையின் ஏழாவது வளைவில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடப்போனது. என் மனைவி வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்தினாள்.

மணி பத்து. பதினோரு மணிக்குக் கோர்ட்டில் எங்களைக் கூப்பிடுவார்கள். இருவரும் போய் நின்று சம்மதம் என்று சொன்னால் விவாகரத்து. போகாவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கோர்ட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரப் பாதை இருந்தது.

பிரிவதற்கு ஒரே காரில் போகும் புருஷன் பெண்டாட்டி உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். இருப்பது ஒரு கார். அதுவும் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. அவள் மெக்கானிக். உடைசலாக வாங்கி, திருகு திருகாகப் பூட்டி அதை ஓடவைத்தவள். நான் தையல்காரன். சீட்டுக்கு உறை தைத்ததோடு எனக்கும் வண்டிக்கும் உறவு முடிந்தது என்பது அவள் எண்ணம்.

பானட்டைத் தூக்கினாள். ஆவி மெல்ல எழுந்து, மலையிலிருந்து இறங்கிய மூடுபனியோடு கலந்தது. சாலை, மரங்கள், கீழே இருந்த ஊர் எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன. நாங்களும் காரும் மட்டும் மிச்சம்.

சும்மா நிற்க முடியாமல் ரேடியேட்டர் மூடியின் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"தொடாதீங்க. இப்போ திறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சியிலயே அடிக்கும். ஆறட்டும்."

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

கல்யாணமான புதிதில் இந்த மூடியைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள். தண்ணீர் சூடேறி விரியும்போது மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி வழிவிடும். மிஞ்சிய தண்ணீர் ரப்பர் குழாய் வழியாகப் பக்கத்து டப்பாவுக்குப் போய்விடும். இன்ஜின் ஆறினால் மூடியின் நடுவில் உள்ள குட்டிக் கதவு திறந்து, போன தண்ணீரை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். குழாயின் முனை டப்பாத் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது காற்றைத்தான் குடிக்கும், ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தோம். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம். இன்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. அவளுடைய தோளில் பனி சின்னச் சின்னத் துளியாகப் படிந்தது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இப்படியே பதினோரு மணி தாண்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

எனக்கு இந்த விவாகரத்து வேண்டாம். வாயைத் திறந்து அதைச் சொல்லத்தான் ரோஷம் விடவில்லை. முதலில் கேட்டது அவள், வேண்டாம் என்று சொல்லவேண்டியதும் அவள்தானே.

பத்தே முக்காலுக்கு அவள் எழுந்துபோய், மூடியில் துணியைச் சுற்றி, மெதுவாகத் திருகித் திறந்தாள். இனிப் பறந்தாலும் பதினோரு மணிக்குப் போய்ச்சேர முடியாது.

விளிம்புவரை இருக்கவேண்டிய தண்ணீர் நாலு விரல் கீழே கிடந்தது. பக்கத்து டப்பாவில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. குழாயின் முனை மட்டும் தண்ணீரைத் தொடாமல் மேலே தொங்கியது.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். ஒரு வாரத்துக்கு முன், அவள் மாலையில் குளிக்கப் போன நேரம் பார்த்து, அதை மேலே இழுத்துவிட்டவன் நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழாயை டப்பாவின் அடிவரை செருகினாள். டிக்கியிலிருந்து தண்ணீர் கேனை எடுத்துவந்து ரேடியேட்டரில் ஊற்றத் தொடங்கினாள்.

"நான்தான் பண்ணேன்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தெரியும். ஆறு நாளா தினம் காலையில தண்ணி ஊத்தி ஊத்தித்தான் வண்டிய எடுத்தேன்."

கேனைக் கீழே வைத்தாள். மூடியின் ரப்பரை விரலால் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்ததை மறுபடியும் துடைத்தாள்.

"இன்னைக்கு ஊத்தல."