ஓடாத ரேஸ் கார்

“ஓட்டவே மாட்டீங்கன்னா ரேஸ் கார் எதுக்கும்மா உங்களுக்கு?” என்று கேட்டார் முனியப்பன்.

“அதாங்க விக்கறோம்” என்றாள் பாஞ்சாலி.

இண்டூரில் அந்த மேட்டுக் கொட்டகைக்குள் நின்ற சிவப்புக் காரை அவர் மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சேலத்தில் வெற்றிலை மண்டி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். மண்டியாவது மண்ணாங்கட்டியாவது! ஆள் சி.ஐ.டி. போலீஸ்.

அது 1943. வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லும் நோட்டீஸ்கள் ராவோடு ராவாக ஊர் ஊராக விழுந்துகொண்டிருந்தன. போன மாதம் மொரப்பூர் ஸ்டேஷன் வாசலில் நோட்டீஸ் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பறந்தது கூரையில்லாத ஒரு சின்னக் கார். ஓட்டியவன் முண்டாசு கட்டி, மூஞ்சியையும் துண்டால் மூடியிருந்தான் என்று போர்ட்டர் சொன்னான். அகப்பட்டால் நேரே வேலூர் ஜெயில்தான். இண்டூரில் கூரையில்லாத கார் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததும் முனியப்பன் பஸ் ஏறிவிட்டார்.

“ஏற்காட்டுல ஒரு தொரைகிட்ட வாங்குனதுங்க” என்றான் கயிற்றுக் கட்டிலில் கிடந்த கிருஷ்ணப்பன், பாஞ்சாலியின் புருஷன். “கூரைய அறுத்து எடுத்து, எஞ்சினப் பிரிச்சு மாட்டி, எல்லாம் என் கையால செஞ்சது. புள்ளையாட்டம் வச்சிருந்தேன். இப்ப பக்கவாதம். காலு வெளங்கலைங்க.”

“அவரப் பொரட்டிப் படுக்கவைக்கவும் கஞ்சி ஊத்தவும் நான் ஒருத்திதானுங்க” என்றாள் பாஞ்சாலி. “வண்டியப் பாக்கறதா, அவரப் பாக்கறதா?”

நிஜமாகவே விளங்காத காலா? முனியப்பன் கட்டிலைத் தாண்டுகிற சாக்கில் தொங்கிக்கொண்டிருந்த கால் கட்டைவிரலை நறுக்கென்று மிதித்தார். கால் அசையவில்லை. பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் பிரமோஷன் வருமா?

“கடைசியா எப்ப எடுத்தீங்க?”

“ஆயுதபூசைக்கு வெளிய தள்ளிப் பொட்டு வப்போம். மறுபடி உள்ள தள்ளிருவோம்.”

“டயர்ல ஈரம் இருக்கே?”

“எருமையையும் இங்கதான் கட்டறமுங்க.”

முனியப்பன் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். எருமைதான்.

அவர் விடவில்லை. காருக்குள் தலையை விட்டவர், அப்படியே நின்றார். மிதிக்கிற பெடல்களின்மேல் மரக்கட்டைகள் வைத்து முடுக்கியிருந்தது.

“இது எதுக்கு?”

கிருஷ்ணப்பன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினான். “மெக்கானிக் மாதுக்குங்க. கட்டையான ஆளு, கால் எட்டாது.”

“மாது எங்கே?”

“போன வருசமே பட்டாளத்துக்குப் போயிட்டானுங்க” என்று பாஞ்சாலி முந்திக்கொண்டாள். “அஸ்ஸாம்ல இருக்கான்.”

அஸ்ஸாமில் இருப்பவன் போன மாதம் மொரப்பூருக்கு எப்படி வந்தான்? முனியப்பனுக்கு உள்ளே குளிர்ந்தது. ஆக, இந்த வீட்டில் இன்னொரு குட்டையான ஆண்பிள்ளை இருக்கிறான். எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார்கள்!

வைக்கோலைக் குத்திப் பார்த்தார். தானியத் தாழிக்குள் எட்டிப் பார்த்தார். ராகிதான் இருந்தது. கார் வாங்க வந்தவர் தாழியை ஏன் பார்க்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

கடைசியில் காரின் முன் சக்கரத்தடியில் கிடந்த பெரிய கல்லின்மேல் கண் போயிற்று.

“அந்தக் கல்லை மட்டும் தொடாதீங்க!” என்றாள் பாஞ்சாலி.

“ஏன்?”

“தொடாதீங்கன்னா தொடாதீங்க.”

தொடாதே என்றால் தொடாமல் இருப்பவன் போலீஸா? கல்லைப் புரட்டித் தள்ளினார். அடியில் எறும்புதான். சரி, சீட்டுக்குப் பின்னாலாவது ஏதாவது இருக்கும் என்று இடதுபக்கம் ஏறிக் குடைய ஆரம்பித்தார்.

அவர் கனத்தில் கார் அசைந்தது. அப்புறம் நகர்ந்தது. கொட்டகையை விட்டு வெளியேறி இறக்கத்தில் ஓடத் தொடங்கியது. இறக்கத்தின் அடியில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

“ஐயோ! ஹோ... ஹோ...!” மாட்டை அதட்டுவதுபோல முனியப்பன் காரை அதட்டினார். ஸ்டீரிங்கை அவர் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை.

“பாஞ்சாலி, போகாத! வேண்டாம்டி!” என்று கட்டிலிலிருந்து அலறினான் கிருஷ்ணப்பன்.

பாஞ்சாலி ஒரு கணம் நின்றாள். சும்மா நின்றால் போதும், வந்த வினை தானாகவே கிணற்றுக்குள் போய்விடும். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

முனியப்பன் கண்ணைத் திறந்தபோது கார் நின்றிருந்தது. சக்கரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு முழம் மண் இருந்தால் அதிகம். பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள் பாஞ்சாலி.

“நீ... நீங்களா?” பெடல்மேல் இருந்த மரக்கட்டைகளில் கச்சிதமாகப் பதிந்திருந்த அவள் கால்களைப் பார்த்தார்.

“பக்கத்தூட்டுச் சின்னக்காகிட்டக் கஞ்சி வாங்கிக் குடிங்க!” என்று கொட்டகையைப் பார்த்துக் கத்தினாள் பாஞ்சாலி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினாள்.

“போலீஸ் ஸ்டேஷனுக்குத்தானுங்களே? கெட்டியாப் புடிச்சிக்கங்க, நானே ஓட்டியாறேன். இந்த ஊருல வேற ஆருக்கும் இதை ஓட்டத் தெரியாது.”