விட்டுக்கொடுத்த சாலை

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த சாலைப் பொறியாளர் எர்மெக்குக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. கோக்-பெல், சாரி-சுவாத் என்ற இரண்டு ஊர்களில் ஏதாவது ஒன்றுக்குத்தான் புதுச் சாலை. அடிதடி நடக்கும் என்று பயந்துகொண்டேதான் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

“எங்களுக்கு வேண்டாங்க, அவங்க ஊருக்கே போடுங்க. அங்கதான் பிள்ளைத்தாச்சிங்க ஜாஸ்தி. பாவம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகணும்ல?” என்றாள் கோக்-பெல் தலைவி புருலாய்.

“நல்லா இருக்கே நியாயம்! உங்க ஊர் உருளைக்கிழங்கு சந்தைக்குப் போக வேண்டாமாக்கா? நாங்க விட்டுக்கொடுக்கறோம்” என்றார் சாரி-சுவாத் தலைவர் கனிபெக்.

“நீ ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேணாம் தம்பி. முதல்ல விட்டுக்கொடுத்தது நாங்கதான்!”

“வயசுல பெரியவங்க நீங்க. உங்களுக்குப் போக மிச்சம்தான் எங்களுக்கு.”

“அதெல்லாம் சாப்பாட்டுப் பந்தியில பேசு. ரோட்டுல பேசாதே!”

பேச்சு முற்றி, இருவரும் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். எர்மெக்கின் கண்கள் கலங்கிவிட்டன.

“உங்களை மாதிரி மனுஷங்களை நான் பார்த்ததே இல்லை. மேலிடத்துல பேசி ரெண்டு ஊருக்குமே ரோடு வாங்கித் தரேன். நாளைக்கே தோண்ட ஆரம்பிச்சுடலாம்!”

இருவர் முகங்களும் வெளிறிப்போயின. புருலாய் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, அந்தப் பாவத்தை மட்டும் செஞ்சுடாதீங்க. மேல இருக்குற ஊருக்கு அஞ்சு வருஷம் முன்னால இப்படித்தான் ரோடு போட வந்தாங்க. தோண்டிப் போட்டதோட சரி, ஆளையே காணோம். அதுவரைக்கும் அந்த ஊருக்கு லாரி போய்க்கிட்டிருந்துச்சு. இப்போ குதிரையையே நாமதான் சுமந்துக்கிட்டுப் போக வேண்டியிருக்கு!”