அண்ணாச்சி வீட்டு அதிர்வு

மனு தயாராக இருந்தது. கையெழுத்துகளுக்கு இடம் விட்டு, பக்கத்தில் பேனாவும் வைத்தாகிவிட்டது.

"முதல்ல பாட்டு, பொறவு வடை, கடைசியாக் கையெழுத்து" என்றார் வைகுண்டராஜ் அண்ணாச்சி.

ராஜபாளையத்தில் சிமென்ட் ஏஜென்சி வைத்திருப்பவர். சிமென்டில் வந்ததைச் சங்கீதத்தில் கொட்டுகிறவர். பின்னறையின் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, கதவுக்கு ரப்பர் வைத்து, பாட்டுக் கேட்பதற்கென்றே ஆக்கியிருந்தார். இருந்த ஸ்பீக்கர்கள் பத்தாது என்று போன வாரம் இரண்டு சப்வூஃபரும் ஒரு கிராஸ்ஓவரும் வந்து இறங்கியிருந்தன.

மனு, பின்சுவரை ஒட்டிய ஷெட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற இருளப்பசாமியைப் பற்றியது. 'குடியிருப்புப் பகுதியில் விசைத்தறி ஓட்டி எங்கள் நிம்மதியைக் கெடுக்கிறார். தறிகளை அகற்ற வேண்டும்.' மொத்தமே இரண்டு தறிதான். அவர் வீட்டில் அடுப்பு எரிவதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அந்த இரண்டை நம்பித்தான். அதையெல்லாம் எழுத மனுவில் இடம் பத்தவில்லை.

காலனிச் சங்கத் தலைவர் எட்வின், ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் சோலைச்சாமி, இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

"வாசல்ல நிக்க முடியல அண்ணாச்சி. தடக்கு தடக்குன்னு என்னா இரைச்சல்!" என்றார் எட்வின்.

"இந்த ரூமுக்குள்ள அது ஒரு பொட்டு வராது சார்."

கதவைச் சாத்தினார். காதைக் கிழித்த இரைச்சல் நின்றே போனது.

"அது என்ன அண்ணாச்சி, கிராஸ்ஓவர்?" என்றார் சோலைச்சாமி.

"மேல்சத்தத்தையும் அடிச்சத்தத்தையும் தரம் பிரிக்கும். எது எங்க போகணுமோ அங்க அனுப்பும். அடிச்சத்தம் பூரா சப்வூஃபருக்கு."

பாட்டு தொடங்கியது. வயலினுக்குக் கீழே தம் தம் தம் தம் என்று ஓர் அதிர்வு, சோபா வழியாக ஏறி நெஞ்சுக்கூட்டைத் தொட்டது.

"ஏ அப்பா! ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர் அசையுறப்ப தரை அதிருமே, அப்படில்லா இருக்கு!" என்றார் சோலைச்சாமி.

எட்வின் கண்ணை மூடிக்கொண்டார். "உள்ளங்கால்ல ஏறுது. அந்தத் தறிச்சத்தம் எங்க, இந்தத் தாளம் எங்க!"

"பாட்டு மெதுவாப் போகுது, அடி மட்டும் வேகமா விழுதே?" என்று ஓரத்தில் இருந்தவர் இழுத்தார்.

"அதுதான் சார் ஹை-எண்டு. சாதாரண செட்டுல இதெல்லாம் கேக்காது."

கேட்டவர் வெட்கப்பட்டு, அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது பாட்டின் நடுவே அடி பொசுக்கென்று நின்றது. வயலின் மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, உயிரே போயிட்டுது?"

அண்ணாச்சி கிராஸ்ஓவரின் குமிழ்களையெல்லாம் திருகிப் பார்த்தார். பின்பக்கம் குனிந்தார். சப்வூஃபர் வயர் இரண்டும் எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தன.

"மகாலட்சுமி!"

வடைத்தட்டோடு வந்த மனைவி காதோரம் சொன்னாள்: "அடுப்பங்கரை பிளக்கு எரிஞ்சு போச்சுங்க. இந்த வடைக்கு அரைக்கத்தான் மத்தியானம் இங்க இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை உருவிட்டுப் போனேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"மத்தியானமேவா?"

"மத்தியானமேதான்."

அப்படியானால் இவ்வளவு நேரம் உள்ளங்காலில் ஏறியது எது? அண்ணாச்சி மெல்லப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தார். அதிர்வு இல்லை. இருளப்பசாமி இப்போதுதான் தறியை நிறுத்தியிருக்கிறார். பஞ்சுப் பலகை இரைச்சலை வடிகட்டிவிட்டு, தறியின் அடியை மட்டும் பத்திரமாக உள்ளே அனுப்பியிருக்கிறது.

மூச்சுக் காட்டாமல் பாக்ஸை வாங்கி வந்து வயர்களை மாட்டினார். அன்று சாயங்காலம் முதன்முறையாகச் சப்வூஃபர்கள் வேலை செய்தன.

எட்வின் உதட்டைப் பிதுக்கினார். "இல்ல அண்ணாச்சி. என்னமோ கொறையுது."

"முந்தி கேட்டதுதான் அசல். இது டப்பா" என்றார் சோலைச்சாமி.

எட்வின் பேனாவைத் திறந்தவர், திரும்ப மூடினார். "அந்த அடியைத் திருப்பிக் கொண்டாங்க. கேட்டுக்கிட்டே கையெழுத்துப் போடுதோம்."

அண்ணாச்சி கொல்லை வழியாக ஷெட்டுக்கு ஓடினார். துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்த இருளப்பசாமி பதறி எழுந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. டீ குடிக்க வெளிய வந்தப்பதான் வாசல்ல காரைப் பார்த்தேன். பெரிய மனுசங்க பாட்டுக் கேக்க வந்திருக்காக, நம்ம சத்தம் எடஞ்சலா இருக்கப்பிடாதுன்னு உடனே நிறுத்திட்டேன். நாளைக்குத் துணி கொடுக்கணும், பரவால்ல. அவிய போன பொறவு ராத்திரி முழிச்சு ஓட்டிக்கிடுதேன்."

எப்போதும் 'ஏலே' என்று கூப்பிடுகிற அண்ணாச்சி வாயில் இன்று தேன் வடிந்தது.

"சேச்சே! எங்களுக்காகத் தொழிலை நிறுத்தலாமா தம்பி? ஓட்டு. ரெண்டு தறியையும் நல்லாப் போட்டு ஓட்டு."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இருளப்பசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. சுவிட்சில் கை வைத்துக்கொண்டே கேட்டார்.

"எம்புட்டு நேரம் ஓட்டலாம் அண்ணாச்சி?"

"அவிய கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும்!"