கருகாத வயலின் கலர் படம்

1995ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் பதினோராம் நாள். கார்த்திகை மாதமாயிருந்தும் வானத்தில் பொட்டு மேகமில்லை. காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

"சாயங்காலத்துக்குள்ள பயிரு கருகணும் பாய்!"

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் கலர் லேப் நடத்தும் ஜெகபர் அலி, இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி நிமிர்ந்தார். சொன்னவர் ஆளுங்கட்சியின் ஒன்றியப் பிரதிநிதி இராஜாங்கம்.

"எந்தப் பயிருண்ணே?"

"நேத்துக் கழுவக் குடுத்த ரோல்ல இருக்கே, அந்தப் பயிருதான்."

அலி நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் வயல்; அதன் நடுவே சாமி சிலைபோல் இராஜாங்கம்.

"ஊரெல்லாம் காஞ்சு கெடக்கு. உங்க வயல்ல மட்டும் பச்சை தளதளன்னு இருக்கே!"

"போர்த் தண்ணி. அதான் இப்பச் சிக்கல். கருகுன வயலுக்குத்தானே நிவாரணம்? மனுவோட போட்டோவும் வெக்கணும்."

"நிவாரணக் காசு உங்களுக்கு எதுக்குண்ணே?"

"காசு யாருக்கு வேணும்?" இராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆறு மாவும் ஊரு மேய்ச்சல் புறம்போக்கு. நான் வேலி போட்டு மூணு வருஷமாச்சு. எம் பேருல நிவாரணம் வந்துட்டா, நாளைக்கு எவனும் நிலம் உன்னுதில்லன்னு பேச முடியாது பாரு."

அலி இயந்திரத்தின் பொத்தான்களைத் தட்டினார். மெஜந்தாச் சிவப்பை ஏற்றினார், மஞ்சளையும் கூட்டினார். சற்று நேரத்தில் இயந்திரத்தின் மறுகோடியில் படம் இளஞ்சூட்டோடு வந்து விழுந்தது. பயிர் சருகாய்க் கிடந்தது. ஆயினும் நடுவில் நின்றவரின் முகமும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

"என்னய்யா, கள்ளு குடிச்சவன் மாதிரி ஆக்கிட்டே?"

"மிஷினுக்கு நீங்க யாரு, பயிரு யாருன்னு தெரியாதுண்ணே. உங்க மூஞ்சியைக் காப்பாத்துனா பயிரும் பொழைச்சுக்கும்."

"வெள்ளைச் சட்டை ரோஸ் கலரா இருக்கே?"

"தொவைக்கத் தண்ணி இல்லேன்னு சொல்லிக்கங்க."

வெயிலில் வெந்த உழவன் இப்படித்தான் இருப்பான் என்று இராஜாங்கம் மனத்தைத் தேற்றிக்கொண்டார். திரும்பியபோதுதான் பெஞ்சில் அமர்ந்திருந்த பொன்னுத்தாய் கண்ணில் பட்டாள். அவர் ஊர்க்காரி, கூலி வேலை செய்பவள். அவள் கையிலிருந்த படங்களை வாங்கிப் பார்த்தார். அத்தனையும் மாடுகள்.

"மாட்டுக்கெல்லாம் கலர் போட்டோவா? பேங்குக் கடனா?"

"மாட்டு விஷயந்தாங்கய்யா."

"எலும்பை எண்ணிடலாம் போலிருக்கே! பாய், இந்தப் போட்டோவுல கொஞ்சம் பச்சையை ஏத்தி விடு. தின்னுட்டுப் போவட்டும்!"

அந்த நகைச்சுவைக்கு அவர் ஒருவரே சிரித்தார்.

"மேய எடமில்லீங்கய்யா" என்றபடி பொன்னுத்தாய் படங்களை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

அடுத்த வாரம், பிற்பகல் மூன்று மணி. வயற்காவல்காரன் வீரையன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஐயா! ரெவின்யூ ஆர்.ஐ. அஞ்சு மணிக்கு நம்ம வயலைப் பாக்க வர்றாராம். கையில போட்டோவும் இருக்காம்!"

இராஜாங்கம் துள்ளி எழுந்தார். படத்தில் சருகு; நேரில் பச்சை. கட்சிப் பதவியோடு நிலமும் போய்விடுமே!

"என்னடா பண்றது?"

"லேப்பு பாய்கிட்டக் கேப்பமுங்களா?"

"அவன் மிஷினுக்குள்ள வயலைத் தூக்கிப் போட முடியுமாடா, மடையா?"

அறுக்கவோ ஆளில்லை, நேரமுமில்லை. கருகிய பயிரில் மாட்டை விடுவது அவ்வூர் வழக்கம் என்பது அப்போதுதான் அவர் மூளையில் பளிச்சிட்டது. விட்டு மேய்த்துவிட்டால் பச்சையாயிருந்ததை எவன் கண்டான்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"பொன்னுத்தாயம்மா! ஊரு மாடு அத்தனையும் ஓட்டியாங்க, சீக்கிரம்!"

"உங்க வயலுக்குங்களா? போன மாசம் ஒரு கன்னுக்குட்டி எட்டிப் பாத்ததுக்குக் கட்டி வெச்சு அடிச்சீங்களே?"

"அது போன மாசம்மா! இப்ப வாங்க, தாயி!"

வேலி வாசலை அடைத்திருந்த முள்படலை அவரே அகற்றினார். ஊர் மாடுகளும் ஆடுகளும் வெள்ளம்போல் உள்ளே புகுந்தன. பழைய அடி நினைவில் தயங்கி நின்ற ஒரு பசுவை முதுகில் தட்டி, "தின்னும்மா, தின்னு" என்று அவரே உள்ளே தள்ளினார்.

ஐந்து மணிக்கு ஆர்.ஐ. வந்து இறங்கினார். இராஜாங்கம் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"கருகுன பயிருங்க. ஊரு மாடாச்சும் தின்னட்டும்னு நான்தான் விடச் சொன்னேன்."

"அப்ப இதுல ஊரு மாடு மேயறது உண்மைதான்?"

"சத்தியமா மேயுதுங்க! யார் மாடு வந்தாலும் நான் தடுக்கறதே இல்லீங்க. இத்தனை பேரு சாட்சி!"

ஆர்.ஐ. கையிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக உயர்த்தி, வயலோடு ஒப்பிட்டார். "கொம்பு மடங்குனது… அதோ நிக்குது. நெத்திச்சுட்டி… இதோ இருக்கு. எல்லாம் சரியா இருக்கு."

இராஜாங்கம் எட்டிப் பார்த்தார். படத்தில் அவருடைய சிவந்த முகம் இல்லை. விலா எலும்பு தெரியும் பசு ஒன்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க நிவாரண மனுக் கட்டை இன்னும் பிரிக்கவே இல்லீங்க. மேய்ச்சல் நிலத்தை மீட்டுக் குடுங்கன்னு பொன்னுத்தாயி குடுத்த மனுவுக்குத்தான் வந்தேன்" என்று ஆர்.ஐ. கூறி முடித்தபோது, கடைசிப் பச்சையும் ஒரு பசுவின் வாய்க்குள் மறைந்தது. மணி மாலை ஐந்து நாற்பது.