சாமி இல்லாத அணிவகுப்பு

நாமக்கல் கோட்டைமலையின் நிழல் பொட்டலைவிட்டு விலகி, வெயில் நேராக இறங்குகிறது. புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எதிரே, அவர்களுக்குப் பயிற்சி தரும் ஜமேதார் சென்னிமலை நிற்கிறார். போன மாதம்வரை இருந்த கேப்டன் துரை தினமும் காலையில், "இன்றைக்கு எப்படிச் செய்யலாம், ஜமேதார்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே சென்னிமலை பியூகிள் ஊதுமுன் பூட்ஸை மாட்டிக்கொண்டு நிற்பார். புதுத் துரை எதையும் கேட்பதில்லை. பெரியவரானாலும் குழந்தையானாலும் இந்தப் பக்கத்தில் கூப்பிடும்போது எல்லாரும் சாமிதான். அந்தப் பழக்கத்தில், "காலெடுத்து வைய்யி சாமி" என்று இவர் சொன்னது துரையின் காதில் விழுந்துவிட்டது. சாமி என்றால் கடவுள் என்று யாரோ இங்கிலீஷில் பெயர்த்துச் சொல்ல, "பட்டாளத்தில் கடவுள் கிடையாது, நம்பர்தான்" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் இவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, துரை இப்போது இவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். பிரம்பு பூட்ஸில் தட்டும் சத்தம் விடாமல் கேட்கிறது.

"நம்பர் ஏழு! காலை மாத்துடா!" சென்னிமலைக்குத் தன் குரலே யாருடையதோபோல் இருக்கிறது. ஏழாம் நம்பர், பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வந்த குழந்தைவேல். அவன் காலை மாற்றவில்லை. மிரண்டுபோய் இவரையே பார்க்கிறான்.

"ஏனுங்க சாமி, எம்மேல கோவமுங்களா?"

பிரம்புச் சத்தம் நின்றுவிடுகிறது. அந்த ஒரு தமிழ்ச் சொல் துரைக்கும் இப்போது தெரியும். சென்னிமலை அவன் முகத்தைப் பார்க்காமல், தலைக்கு மேலே தெரியும் மலையைப் பார்த்தபடி, "லெப்ட்" என்கிறார்.