விளிம்பு முட்டிய பேணி

தூண்டிலை அவர் ஆட்டுகிற ஆட்டத்தில் மீனுக்குத் தலை சுற்றியிருக்கும்.

மேலே, கீழே. மேலே, கீழே. அரை மணி நேரமாகக் கை ஓயவில்லை.

அவள் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறைந்துபோன ஏரியின் மேல் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே, பனிக்கட்டியில் குடைந்த துளை. அதற்குக் கீழே பத்தடிக் கறுத்த தண்ணீர். தண்ணீருக்குள் எங்கேயோ ப்ளூகில் மீன்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தால் சோறு போதாது.

கூடாரம் இரண்டு பேருக்கானது. ஒன்பது பனிக்காலமாக அந்த இரண்டு பேர் அவரும் அவளும்தான்.

இன்றைக்கு மூன்றாவதாக ஒரு முக்காலி. அதில் குலசிங்கம், அவரோடு வேலை செய்கிறவன். பக்கத்தில் இன்னொரு துளை போட்டு கமெராவை இறக்கியிருக்கிறான். மடியில் அதன் திரை.

"இனி ராசி கீசி ஒண்டும் வேண்டாம் அண்ணை. இதிலை எல்லாம் தெரியும். அடுத்த சனியிலையிருந்து நாங்கள் ரெண்டு பேரும் வருவம். அக்கா பாவம், இந்தக் குளிருக்கை ஏன்?"

அக்கா பாவமாம்.

அவன் ராசி என்றது அவளுடைய தேநீரை. அவள் ஊற்றிக் கொடுத்தால் மீன் படும். வேலையிடம் முழுக்க அவர் சொல்லிவைத்திருக்கிறார். சனிக்கிழமை விடிந்தால் போர்வையை இழுப்பார்: எழும்பும், ராசிக்காரி.

ராசி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாம் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். தூண்டிலை ஆட்டினால் மீன் வரும். வந்து பார்க்கும். ஆட்டம் நின்றால்தான் வாயைத் திறக்கும்.

அவருக்கோ கை நிற்காது.

அதனால் கைப்பிடி இல்லாத சில்வர் பேணி ஒரு சோடி வாங்கினாள். அவருடையதில் தேநீரை விளிம்பு முட்ட ஊற்றினாள். இரண்டு கையாலும் பிடிக்காவிட்டால் சிந்திவிடும். தூண்டிலை வாளி விளிம்பில் சாத்தி வைத்தே ஆகவேண்டும்.

மற்றதை மீன் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவர் நல்ல மீன்பிடிகாரர் ஆகிவிடுவார். ராசிக்காரி வீட்டில் கிடப்பாள்.

விடியற்காலையில் அவள் பேக்கரி வேலைக்குப் போய்விடுவாள். அவருக்கு மத்தியானம் தொடங்கும் வேலை. ஐந்து நாளும் பேச்சு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத் துண்டுகளில்தான். பால் முடிஞ்சுது. கறி மேல்தட்டிலை.

ஞாயிற்றுக்கிழமை கோயில், சொந்தக்காரர், சமையல்.

சனிக்கிழமை நாலு மணித்தியாலம் மட்டும்தான் அவர் முழுதாக அவளுடைய ஆள். அதை ஒரு கமெராப் பெட்டிக்கு விட்டுக்கொடுப்பதாக அவள் இல்லை.

திரையில் நிழல்கள் அசைந்தன.

நாலு, ஐந்து மீன்கள். புழு கோத்த கொழுக்கியைச் சுற்றி நின்றன. ஒன்று கிட்டவந்து மூக்கால் தொடப்போனது.

"கெதியா ஆட்டுங்கோ அண்ணை, கெதியா!"

அவர் வேகத்தைக் கூட்டினார்.

மீன்கள் போய்விட்டன.

திரும்பி வந்தன. திரும்பவும் போயின. குலசிங்கம் திரையில் தட்டினான், பிழை அதில்தான் என்பதுபோல.

ஊற்றாவிட்டால் மீன் படாது. ராசி இன்றோடு செத்துவிடும். ஊற்றினால் மீன் படும். ஏன் பட்டது என்பதைத் திரை காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படிப் பார்த்தாலும் அடுத்த சனி போய்விடும்.

ஆனால் இத்தனை வருடம் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றிய கை அது. இன்றைக்கும் சிந்தாது.

ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். இஞ்சி மணம் கூடாரத்தை நிறைத்தது.

முதல் பேணி குலசிங்கத்துக்கு. விளிம்பு முட்ட.

அவன் திரையை மறந்தான். இரண்டு கையாலும் பேணியைப் பிடித்து, மூச்சை அடக்கி, தேநீரையே பார்த்தபடி வாயைக் கிட்டே கொண்டுபோனான்.

இரண்டாவது பேணி அவருக்கு.

அவர் தூண்டிலை வாளி விளிம்பில் சாத்தினார்.

திரையில் கொழுக்கி அசையாமல் நின்றது. பெரிய மீன் ஒன்று வந்தது. நின்றது. பார்த்தது. வாயைத் திறந்து புழுவை உறிஞ்சியது.

தூண்டில் நுனி குனிந்தது.

அவர் பேணிக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

பேணி உதட்டருகில் அப்படியே நின்றது. அவர் திரையைப் பார்த்தார். பேணியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், ஒன்பது வருடத்தையும் எண்ணுகிறவர் மாதிரி.

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவர் பேணியை மெதுவாக வைத்துவிட்டுத் தூண்டிலைத் தூக்கினார். குலசிங்கம் நிமிர்ந்தபோது மீன் பனியில் துள்ளிக்கொண்டிருந்தது.

"எப்பிடி அண்ணை பட்டது?"

அவர் பேணியை எடுத்தார். மிச்சத் தேநீரை ஆற அமரக் குடித்து முடித்தார்.

"சொன்னனே. இவவின்ரை தேத்தண்ணி ராசி."

"இல்லை அண்ணை, இந்தக் கமெரா..."

"அதை அடுத்த சனி நீ வேறை இடத்திலை போட்டுப் பார் தம்பி. இஞ்சை ரெண்டு பேருக்குத்தான் இடம்."

கொழுக்கியில் புதுப் புழுவைக் கோத்து இறக்கினார். முன்னைவிட வேகமாக ஆட்டினார். மேலே, கீழே. மேலே, கீழே.

திரையில் மீன்கள் கூடின.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. இடது கையால் வெறும் பேணியை அவள் பக்கம் நீட்டினார்.

"முட்ட ஊத்தும்."